அப்பாவின் சவரக்கத்தி

போன மார்கழியில் பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். ஏறியது பேரன்தான். எனக்கு ஏணி ஏற இப்போதெல்லாம் வீட்டில் அனுமதி இல்லை. பெட்டிக்குள் அப்பாவின் பென்ஷன் புத்தகம், ஒரு மெடல், சைகோனிலிருந்து அவர் அம்மாவுக்கு எழுதிய நாலைந்து கடிதங்கள், அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சவரக்கத்தி. பிளேடு மாட்டுகிற ரேசர் இல்லை. மடக்கி விரிக்கிற பழைய கத்தி. கறுப்புக் கொம்புப் பிடி. இரும்பில் ‘தியேர்’ என்ற பிரெஞ்சு ஊரின் பெயர் பொறித்திருந்தது.

பேரன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது சினிமாவுல வில்லன் வெச்சிருக்கறதுதானே?” என்றான். சட்டென்று பிடுங்கி மடக்கி வைத்தேன்.

எழுபத்து நான்கு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. இந்தக் கத்தியால் நானே சவரம் செய்துகொள்ளப் பழக வேண்டும். மகளிடம் சொன்னேன். “அப்பா, நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க, ஞாபகம் இருக்கா?” என்றாள். நியாயமான கேள்வி. டாக்டரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “கன்னத்துல சின்னக் கீறல் பட்டா அழுத்திப் பிடிங்க, நின்னுடும். கழுத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க” என்றார்.

பிறகு இரண்டு மாதம் இதைப் பற்றியே படித்தேன், விசாரித்தேன், பழகினேன். படித்ததில் பாதி பிரெஞ்சில். பழகியது முழுக்கத் தாம்பரத்தில். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இதில் எனக்குப் பெருமை தராத ஒரு சங்கதியும் உண்டு. அதையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி. எங்கள் ஊர் காரைக்கால் பக்கம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். நான் பிறப்பதற்குச் சற்று முன்புதான் ஊர் திரும்பினார். வந்தவர் தினமும் காலையில் கிணற்றடியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, அந்தக் கத்தியால் தானே முகம் மழித்துக்கொள்வார். ஊரே வேடிக்கை பார்க்கும். பாட்டிக்குப் பிடிக்கவே இல்லை. “நாள் கிழமை பாக்காம, தன் கையாலயே தன் மூஞ்சியில கத்தி வெக்கிறதா?” என்பார். அன்றைய வழக்கப்படி சவரம் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. அமாவாசை, செவ்வாய், வெள்ளி ஆகாது. சவரம் முடிந்ததும் குளிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் நாவிதரைப் பரியாரி என்பார்கள். பரிகாரி என்ற சொல்தான் அப்படித் திரிந்தது. நோய்க்குப் பரிகாரம் செய்பவர் என்று பொருள். கட்டி கீறுவார், பற்றுப் போடுவார். அவர் மனைவி பிரசவம் பார்ப்பார். நானே அந்த அம்மாள் கையில் பிறந்தவன்தான். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறமாகத்தான் வருவார். கூலி காசு இல்லை, அறுவடையில் நெல். அப்பா தானே சவரம் செய்யத் தொடங்கிய பிறகும் அந்த நெல்லை மட்டும் குறைக்கவில்லை. “என் மூஞ்சிக்கு நான் வேலை பாத்துக்கிட்டா, அவரு வயித்துக்கு யாரு பாக்கிறது?” என்று கேட்டதாக அம்மா சொல்வார்.

பள்ளியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். ஆங்கிலம் பிற்பாடு, குமாஸ்தா பரீட்சைக்காகக் கற்றது. அதனால் இந்தக் கத்தியைப் பற்றித் தேட ஆரம்பித்ததும் பிரெஞ்சுப் பக்கமே முதலில் போனேன். அங்கே கிடைத்தவர் ழான்-ழாக் பெரே. பாரிஸில் கத்தி செய்யும் தொழிலில் பெரிய ஆசாரி. 1769-ல் ‘லா பொகொனொதொமி’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். கிரேக்கத்தில் ‘பொகோன்’ என்றால் தாடி, ‘தொமி’ என்றால் அறுப்பது. தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்கும் கலை என்பது அதன் துணைத் தலைப்பு. தலைப்பு அதோடு நிற்கவில்லை. தீட்டும் கற்களை அறிவது எப்படி, தோல் வாரைத் தயார் செய்வது எப்படி என்று பொருளடக்கம் போல நீண்டுகொண்டே போகிறது. பழைய பிரெஞ்சு நூல்கள் அப்படித்தான். இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தந்தது பேரன்.

கத்தி செய்பவருக்கு ஏன் இந்த வேலை? அதற்கு அந்தக் காலத்து பிரான்ஸைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் நாவிதரும் அறுவை மருத்துவரும் பல நூற்றாண்டுகளாக ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். எங்கள் பரியாரி மாதிரியேதான்: சவரமும் செய்வார், ரத்தமும் எடுப்பார், கட்டியும் கீறுவார். 1743-ல் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆணை இருவரையும் பிரித்தது. இரண்டே வருடத்தில் இங்கிலாந்திலும் அதே பிரிவினை நடந்தது. அறுவை மருத்துவர்கள் படிப்பாளிகளாகி மேலே போனார்கள். நாவிதர்கள் கத்தியோடும் சோப்போடும் கீழே நின்றார்கள். பெரேயின் புத்தகம் வந்து ஆறு வருடத்தில், 1775-ல், பொமார்ஷேயின் ‘செவீல் நகர நாவிதன்’ நாடகம் பாரிஸில் மேடையேறியது. பள்ளியில் எங்களுக்கு அது பாடம். எஜமானனைவிடப் புத்திசாலியான ஃபிகாரோ என்ற நாவிதன் அதில் கதாநாயகன் மாதிரி. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊர்ப் பரியாரி கொல்லைப்புறமாக வருவதை அந்த நாடகத்தோடு சேர்த்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெரேயிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. தச்சரின் இழைப்புளியைப் பாருங்கள். உளியின் வாய் கட்டைக்கு வெளியே துளிதான் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் மரத்தை ஆழமாக வெட்டாது, சுருள் சுருளாகச் சீவும். அதே மாதிரி சவரக்கத்திக்கு ஒரு காப்புப் போட்டு, கூர்வாய் மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும்படி செய்தார். பிரெஞ்சில் அதன் பெயரே இழைப்புளிக் கத்தி என்கிற மாதிரிதான். பழகாதவன் கையும் அதிகம் வெட்டிக்கொள்ளாது. இன்று நாம் சேஃப்டி ரேசர் என்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா அது.

இனி இரும்புக்கு வருவோம். நல்ல சவரக்கத்திக்கு நல்ல உருக்கு வேண்டும். நாம் மார்தட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். தென்னிந்தியாவில் மூசையில் இட்டு உருக்கிய எஃகு உலகம் சுற்றிய சரக்கு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அந்த வேலை நடந்த உலைகள் அகழாய்வில் கிடைத்தன. ஐரோப்பியர் அந்த எஃகை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து ‘உக்கு’, நம் ‘உருக்கு’ ஆகியவற்றின் உறவுச் சொல் என்பார்கள். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி, தன் கடையின் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் இந்திய உருக்கால் ஆனவை, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இது மேல் என்று விளம்பர அட்டையே அச்சடித்திருந்தார்.

அந்த ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து வூட்ஸின் ரகசியத்தைத் தேடியவர் யார் தெரியுமா? மின்சாரத்துக்குப் பெயர் போன மைக்கேல் ஃபாரடே. இருவரும் 1820-லும் 1822-லும் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அந்தச் சோதனைகளில் கிடைத்த எஃகால் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். நம் ஊர் உலைக்காரரின் கைப்பாங்கைப் பின்பற்றப் போய், ஒரு விஞ்ஞானி சவரக்கத்தி பரிசளிக்கிறார். நம் உலைகள் அணைந்துபோன பின்பு, நம் நாவிதர்களின் அடைப்பத்தில் இருந்தவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும்தான்.

அப்பாவின் கத்தி செய்யப்பட்ட தியேர், பிரான்சின் நடுவே மலைச்சரிவில் இருக்கும் ஊர். துரோல் என்ற சிற்றாறு சக்கரங்களைச் சுழற்ற, அந்தச் சாணைக்கற்களில் கத்தி தீட்டினார்கள். தீட்டுபவர்கள் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஈரத்திலும் குளிரிலும் கால் விறைக்காமலிருக்க, கால் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். கத்தியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாய்தான் நினைவுக்கு வருகிறது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் எல்லாம் மாறிற்று. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டவே வேண்டாத, மழுங்கினால் தூக்கி எறியும் மெல்லிய பிளேடைக் கொண்டுவந்தார். 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மறு வருடமே ரேசர் மட்டும் 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காகச் சுமார் 35 லட்சம் ரேசர் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள். நம் ஊரிலும் பாரத் பிளேடும் பனாமாவும் பெட்டிக்கடை வரை வந்தன. நான் மீசை முளைத்த காலத்திலிருந்து பிளேடுக்காரன்தான். அப்பாவின் கத்தியைத் தொட்டதில்லை.

தானே சவரம் செய்துகொள்வது விடுதலை என்று பெரே நினைத்திருக்கலாம். யாருக்கு விடுதலை என்ற கேள்வியை எனக்குள் போட்டவர் காந்தி. சுயசரிதையில் பிரிட்டோரியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். அங்கே ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிடுகிறார். காந்தி ஒரு கத்தரி மெஷினை வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டுப்போனது. கோர்ட்டில் நண்பர்கள், தலையை எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். இங்கிலாந்து போகிற இந்தியர் யாவரும் சவரமாவது கற்றுக்கொள்கிறார்கள், முடிவெட்டத்தான் யாரும் கற்பதில்லை என்று வேடிக்கையாகவும் எழுதுகிறார்.

அதற்கு அடுத்துச் சொல்வதுதான் விஷயம். அந்த நாவிதர் மேல் குற்றம் இல்லை என்கிறார் காந்தி. கறுப்பர்களுக்கு வேலை செய்தால் அவருடைய மற்ற வாடிக்கை போய்விடும். நம் ஊரில் தீண்டாதார் என்று ஒதுக்கியவர்களுக்கு நம் நாவிதர்களை நாம் சவரம் செய்ய விடுகிறோமா? அதற்கான கூலி தனக்குத் தென்னாப்பிரிக்காவில் பலமுறை கிடைத்தது என்று எழுதுகிறார். 1955-ல் வந்த தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் இப்படிச் சேவை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆபீசில் அந்தச் சட்டப் புத்தகம் என் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள் என்ற செய்தி இன்றும் பத்திரிகையில் வருகிறது. செய்தியில் குற்றவாளியாக நிற்பது பெரும்பாலும் கடைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கிற வாடிக்கையாளரை யாரும் கேட்பதில்லை.

அப்படிக் காத்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவனாக நானும் ஒருநாள் இருந்தேன். இப்போது தாம்பரத்துக்கு வருகிறேன்.

1972-ல் சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். வாடகை கட்டுப்படியாகாமல் கிழக்குத் தாம்பரத்தில் குடிவந்தேன். பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சீசன் டிக்கெட் இருந்தால் போதும், எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வாழ்க்கை. முகத்துக்குத் தினமும் பிளேடு. முடிவெட்ட மட்டும் ஞாயிற்றுக்கிழமை சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சலூன். ஒரு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, பெஞ்சில் தினத்தந்தி. கடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார்.

முடிவெட்டியதும் அவர் கையால் ஒரு சவரம் உண்டு. அதற்காகவே சனிக்கிழமை பிளேடு போடாமல் போவேன். நாற்காலிக் கையில் ஒரு தோல் வார் தொங்கும். அதை இழுத்துப் பிடித்து, கத்தியை இப்படியும் அப்படியும் புரட்டிப் புரட்டித் தீட்டுவார். பிறகு முன்கை முடியில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார். முதல் சவரம், அப்புறம் எதிர்ச் சவரம், கடைசியில் படிகாரக் கட்டி. கண்ணை மூடினால் தூக்கம் வந்துவிடும். கூரான இரும்பு தொண்டைக்குழியில் இருக்கும்போது ஒரு மனிதனுக்குத் தூக்கம் வருகிறதென்றால், அந்தக் கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சானடோரியம் என்ற பெயர் வந்தது காசநோய் மருத்துவமனையால். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் தொடங்கியது. 1937-ல் அரசாங்கத்துக்கு வந்தது. அந்த நாளில் காசநோய் என்றால் ஊரே ஒதுங்கும். 1990-களில் அங்கேயே எய்ட்ஸ் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு பராமரித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல் இதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். மருந்து சரியாகக் கிடைக்காத காலம். வேறு இடங்களில் கைவிட்டவர்களும் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரயிலில் சானடோரியம் வந்தால் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சலூன்களில் ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு என்ற பிரசாரம் பரவியது. சரியான பிரசாரம்தான். ஒரே கத்தியில் பலருக்குச் சவரம் செய்தால், ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலையான ஹெபடைடிஸ் பி எளிதாகத் தொற்றும். எச்.ஐ.வி. அப்படித் தொற்றும் வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு என்பதெல்லாம் நான் இப்போது படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான்.

1997 என்று நினைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெஞ்சில் நாங்கள் நாலு பேர். மெலிந்த ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. “ஷேவிங் பண்ணுவீங்களா?” என்று கேட்டார். நாற்காலி அப்போதுதான் காலியாகியிருந்தது. அண்ணன் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த ஆளை உட்காரச் சொன்னார்.

முதலில் ஒருவர் எழுந்து போனார். இன்னொருவர் போனார். மூன்றாவதாக எழுந்தவன் நான். சும்மா போயிருக்கலாம். “அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன் அண்ணே, அப்புறம் வரேன்” என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பிப் பார்த்தபோது, புது பிளேடின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. மறுபடி போனபோது தோல் வார் இல்லை. பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி வந்திருந்தது. எதுவும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரும் எதுவும் நடக்காதது போல வெட்டினார். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் தொழிலை விட்டு, சிட்லபாக்கத்தில் மகன் வீட்டோடு இருக்கிறார்.

அப்பாவின் கத்தியைத் தீட்டத் தெரிந்தவர் யார் என்று யோசித்தால் அவரைத் தவிர எனக்கு வேறு யாரையும் தெரியாது. தை மாதம் தேடிக்கொண்டு போனேன். கத்தியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “நல்ல இரும்பு சார். வாய்தான் செத்துப்போச்சு” என்றார். கற்றுக்கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: “அன்னிக்குப் பால் பொங்கிடுச்சா சார்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் “பாலே வெக்கல அண்ணே” என்றேன். “தெரியும்” என்றார். அதற்கப்புறம் அவரே சொன்னார். அன்றைக்குப் பிறகு இரண்டு மாதம் கடையில் ஆளே இல்லையாம். வந்தவர்களும் பழைய கத்தியை எடுத்தால் எழுந்து போனார்களாம். அப்பா கொடுத்த கத்தியை அப்போதுதான் மடக்கி வைத்தாராம். “அந்தப் புள்ள அப்புறம் நாலு வாட்டி வந்துச்சு. அதோட வரல” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “அவன்கிட்ட இல்ல கேக்கணும்” என்றார். உள்ளே எழுந்து போய்ச் சாணைக்கல்லை எடுத்து வந்தார்.

அவர் கற்றுக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாராவது பழக நினைத்தால் உதவும்.

முதல் பாடம் கத்தி இல்லாமல். ஒரு வாரம் ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சோப்பு நுரையை வழிக்கச் சொன்னார். கை எங்கே போகிறது, முழங்கை எங்கே முட்டுகிறது, கண்ணாடியில் இடம் வலம் எப்படி மாறுகிறது என்பது அதிலேயே புரிந்துவிடும். நாற்பது வருடம் கோடு போட்ட ஸ்கேல் இதற்கும் உதவியது.

இரண்டாவது, தீட்டுவது. கல்லில் வாய் முந்தும், வாரில் முதுகு முந்தும். அதாவது சாணைக்கல்லில் கூர் முன்னே போக வேண்டும். தோல் வாரில் முதுகு முன்னே போக, கூர் பின்னால் இழுபட வேண்டும். மாற்றினால் வார் அறுந்துவிடும். ஓரத்துக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்ட வேண்டும், வாயின் மேல் புரட்டக் கூடாது. கல் எப்போதாவது, வார் ஒவ்வொரு சவரத்துக்கும். நான் வாரில் இரண்டு வெட்டுப் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாரைத் திருப்பிப் போட்டார்.

மூன்றாவது, முகம். வெந்நீரில் குளித்த பிறகு செய்ய வேண்டும், முடி ஊறியிருக்கும். நுரையைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கத்தியை முகத்தோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும். நிமிர்த்தினால் வெட்டும், முழுக்கப் படுத்தால் முடியைப் பிடுங்கும். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். “சவரம் பண்றது பாதி, தோலைப் புடிக்கிறது பாதி” என்றார். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே சிறுசிறு இழுப்பு. பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தக் கூடாது, அதுதான் வெட்டு. அழுத்தவே கூடாது. எதிர்ச் சவரத்தைப் பற்றி ஒரு வருடம் நினைக்கக் கூடாது.

நாலாவது, பேராசைப்படாமல் இருப்பது. முதல் பத்து நாள் ஒரு கன்னம் மட்டும். மீதி முகத்துக்குப் பழைய ரேசர். பிறகு இரண்டு கன்னம். மோவாயும் மேல் உதடும் கடைசியில். முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். அப்பா எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்ததன் அருமை அப்போதுதான் தெரிந்தது. கத்தி ஒருவருக்கு மட்டும்தான், வீட்டில்கூட இன்னொருவர் முகத்துக்குப் போகக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

இந்தப் பாடங்களில் பாதிக்கு மேல் பெரேயின் புத்தகத்துக்குரிய விஷயங்கள்: கல், தோல் வார், கையின் பழக்கம். அவர் நாவிதர் இல்லாமலே வாழக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டார். எனக்கோ 250 வருடம் கழித்து அந்தக் கலையைக் கற்க ஒரு நாவிதரின் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகவேண்டியிருந்தது.

“உங்களுக்கு யாரண்ணே சவரம் பண்ணுவாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “எங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் பண்ணிக்குவோம். தனக்குத்தானே பண்ணிக்கிட்டதே இல்ல” என்றார். இப்போது மகன் செய்துவிடுகிறாராம். கேம்ப் ரோட்டில் மகனுக்கு ஏ.சி. போட்ட சலூன் இருக்கிறது.

இன்றைய நிலவரம் இதுதான். இரண்டு கன்னமும் அப்பாவின் கத்தியால் நானே செய்கிறேன். இதுவரை மூன்று கீறல். மூன்றும் படிகாரத்தில் நின்றன. மகள் இன்னும் குளியலறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. கழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மகன் கடைக்குப் போகிறேன். வரிசை இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். யார் எனக்கு முன்னால் உட்கார்ந்தாலும் என் முறை வரும் வரை எழுவதில்லை.